வற்றிப்போகும் வீக்கம்

எயிட்ஸுக்குக் காரணமான வைரஸ் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது குருதியிலிருந்து அல்ல என்பதை இன்று பலரும் அறியமாட்டார்கள். 1983 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்துக்கு ஒரு நோயாளியின் கழுத்திலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட நிணநீர்க்கணு ஒன்று கொண்டுவரப்பட்டது. எயிட்ஸ் நோய் அவரிடம் முழுமையாக வெளிப்பட்டிருக்கவில்லை. கணுக்கள் மட்டுமே வீங்கியிருந்தன. அச்சிறு கணுவிலிருந்தே பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மொன்டானியேயும் அவர்தம் குழுவினரும் புதியதொரு வைரஸை இனங்கண்டனர். நிணநீர்க்கணு நோயுடன் தொடர்புடைய வைரஸ் என்றே அதற்கு முதலில் பெயரும் வைத்தனர். எச்.ஐ.வி. என்ற பெயர் 1986 இல் வந்தது. 2008 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவ்விருவரையும் நாடி வந்தது.

கழுத்திலோ கமக்கட்டிலோ "நெறி கட்டியிருக்கிறது" என்று நாம் கூறுவது இந்தக் கணுக்களின் வீக்கத்தைத்தான். கிருமிகள் வடிகட்டப்படுவதும், அவற்றை எதிர்க்கும் கலங்கள் பெருகுவதும் இங்கேயே நிகழ்கின்றன. எச்.ஐ.வி. குறிவைக்கும் சீ.டி.4 கலங்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும் இடமும் இதுவே. உடலிலுள்ள நிணநீர்க் கலங்களில் மிகச் சிறு பங்கு மாத்திரமே எந்நேரமும் குருதியில் ஓடுகின்றது.

தொற்று ஏற்பட்ட சில வாரங்களில் சிலருக்குக் காய்ச்சலுடன் நெறி கட்டலாம். பின்னர் பல ஆண்டுகள் எவ்வித உபாதையும் இன்றிக் கழியலாம். இதனை வைரஸ் உறங்கும் காலம் என்றே மருத்துவ உலகம் ஒரு காலத்தில் கருதி வந்தது. 1993 இல் வெளியான இரண்டு அமெரிக்க ஆய்வுகள் அக்கருத்தை மாற்றின. குருதியில் வைரஸ் சொற்பமாகக் காணப்பட்ட அதே காலத்தில், கணுக்களினுள் அது பெருமளவில் தேங்கியும் பெருகியும் வந்தமை அவற்றில் தெரியவந்தது.

கணுவினுள் கிளைபரப்பி நிற்கும் ஒருவகைக் கலங்கள் வலைபோல வைரஸைப் பிடித்து வைக்கின்றன. ஆனால் அவ்வலையினூடே வந்துபோகும் சீ.டி.4 கலங்கள் அங்கேயே தொற்றுக்கு உள்ளாகின்றன. பாதுகாப்புக்கென அமைந்த இடமே தொற்றின் களமாகிவிடுகின்றது. காலப்போக்கில் வலை சிதைகின்றது. ஆரோக்கியமான இழையத்தின் இடத்தைத் தழும்பு இழையம் பிடித்துக்கொள்கின்றது. நோய் முற்றிய நிலையில் கணு சுருங்கிவிடுவதும் உண்டு. வீக்கம் வற்றியதைக் குணமடைந்ததாக எடுத்துக்கொள்வது எத்துணை ஆபத்தானது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

அதேவேளை, நெறி கட்டிய ஒவ்வொருவரும் அஞ்சவேண்டியதில்லை. தொண்டை நோவும் பல் நோயும் தலைப்புண்ணும்கூட நெறியை உண்டாக்கும். வாரக்கணக்கில் நீடிக்கும் கழுத்துக் கட்டிக்குக் காசநோயும் காரணமாகலாம், எச்.ஐ.வி. தொற்றியவர்களைக் காசநோய் எளிதில் பற்றும் என்பதால் இரண்டையும் பரிசோதிப்பது முறையாகும். தடவிப் பார்த்து எச்.ஐ.வி. உண்டா இல்லையா என்று எவராலும் கூற இயலாது. அதற்குக் குருதிப் பரிசோதனையே வழி. நமது அரசாங்க பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் அது இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படுகின்றது. அவ்வாசலை மிதிக்கப் பலரைத் தயங்கவைப்பது நோயைவிட ஊர்வாய் பற்றிய அச்சமே என்பது நமது எண்ணம்.

அறிகுறி தோன்றும்வரை காத்திராது சிகிச்சையைத் தொடங்குவதால் கடும் நோய்களும் மரணமும் பாதிக்கு மேல் குறைகின்றன என்பதை 2015 இல் பன்னாட்டு ஆய்வொன்று காட்டியது. தொற்று உறுதியான அனைவருக்கும் சிகிச்சை வழங்குமாறு உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டே பரிந்துரைத்தது. மருந்தை ஒழுங்காக உட்கொள்பவரின் குருதியில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குத் தாழ்ந்துவிடும். அந்நிலை தொடரும்வரை உடலுறவின் மூலம் அவரிடமிருந்து தொற்று பரவுவதில்லை. ஆயினும் கணுக்களிலும் குடலின் நிணநீர் இழையங்களிலும் நீண்டகாலம் வாழும் கலங்கள் சிலவற்றினுள் வைரஸ் ஒடுங்கியே இருக்கின்றது. மருந்தை நிறுத்திவிட்டால், பெரும்பாலானோரின் குருதியில் சில வாரங்களுக்குள் அது மீண்டும் தலைகாட்டும்.