உண்ணிக் காய்ச்சலும் கிராமத்தார் கவனிக்க வேண்டியவையும்

கும்மிடிப்பூண்டி தாலுகாவில் ஐப்பசி முதல் தை முடிய வயல் வேலைகள் மிகுந்திருக்கும். உண்ணிக் காய்ச்சல் என்னும் வியாதி அதிகமாய்த் தலைகாட்டுவதும் மழையும் குளிரும் சேர்ந்த இம்மாதங்களிலேதான். ஆரம்பத்தில் தக்க மருந்து கொடுத்தால் இது எளிதில் குணமாகும். கவனியாமல் விட்டாலோ நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றைத் தாக்கி உயிருக்கே அபாயம் விளைவிக்கும்.

உண்ணி என்றவுடன் மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டியிருப்பதே நினைவுக்கு வரும். ஆனால் இக்காய்ச்சலைப் பரப்புவது அதுவன்று. வைத்தியர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்று கூறும் இதனைப் பரப்புவது, புதரிலும் புல்லிலும் வசிக்கும் சிற்றுண்ணியின் குஞ்சாகும். கண்ணுக்கு எளிதில் தென்படாத இக்குஞ்சு எலிகளின்மேல் ஒட்டி ஆகாரம் கொள்ளும். மனிதர் அகப்பட்டால் அவரையும் கடிக்கும். நோய்க்கிருமி தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் செல்வதால், ஓரிடத்தில் ஊன்றிய வியாதி அங்கேயே திரும்பத் திரும்பத் தோன்றக்கூடும். ஆகையால், மாட்டு உண்ணியை ஒழித்துவிட்டோம் என்று நிம்மதியாய் இருத்தல் தகாது.

கடியுண்ட 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல், குளிர், கடுந்தலைவலி, உடல்வலி ஆகியவை காணும். கடிபட்ட இடத்தில் பீடி நெருப்புச் சுட்டாற்போன்ற கரிய பொருக்கு உண்டாகலாம். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு முதலிய மறைவிடங்களில் வலியின்றி இருப்பதால் நோயாளியே அதனை அறியார். சிலருக்குப் பொருக்கு தோன்றுவதேயில்லை.

இத்தகைய வியாதிகளைக் கண்டறிவதில் கிராமத்தாரின் கண்ணே முதற்கருவி. 1957-ல் அக்கால மைசூர் ராஜ்யத்து ஷிமோகா ஜில்லாவில், கியாசனூர் காட்டையடுத்த இடங்களில் குரங்குகள் மடிந்து கிடக்கக் கண்டனர். அப்பகுதி ஜனங்களுக்கும் கொடிய காய்ச்சல் கண்டது. அதனைக் காட்டு உண்ணிகள் பரப்பியமை பின்னர் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. அங்கு குரங்கின் சாவு இன்றும் எச்சரிக்கைக் குறியாகக் கொள்ளப்படுகிறது.

நமது ராஜ்யத்தின் வட ஜில்லாக்களில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் உள்ளிட்டோர் 2020 முதல் 2022 வரை 37 கிராமங்களில் வீடு வீடாய்ச் சென்று காய்ச்சலை விசாரித்து இரத்தம் பரிசோதித்தனர். ஆண்டொன்றில் 100 பேரில் சுமார் 10 பேர் வரை ஸ்க்ரப் டைபஸ் தொற்றுக்கு ஆளாகக்கூடும் என்பது அதனால் விளங்கிற்று. ஆஸ்பத்திரிக்கு வருவோரை மட்டும் எண்ணினால் இவ்வுண்மை புலப்படாது. 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் ஆஸ்பத்திரிகளின் தகவலைத் திரட்டுகிறது. ஆயின் கடை மாத்திரையோடு வீட்டில் படுத்திருப்பவரின் காய்ச்சல் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆகவே பின்வருவனவற்றை அனுசரிக்கவும்.

1. காய்ச்சல் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்க. புல் அறுத்தது, புதர் வெட்டியது முதலியவற்றை டாக்டரிடம் தவறாமல் கூறுக. டாக்ஸிசைக்ளின் என்னும் மருந்து நல்ல பலன் தரும்; அதனை அவர் சொற்படியே உட்கொள்க.

2. ஒரே தெருவில் சிலருக்கு அடுத்தடுத்துக் காய்ச்சல் கண்டால், கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சியாரும் கிராம சுகாதார செவிலியருக்கு உடனே தெரிவிக்கவும். நோயாளிகள் எந்த ஏரிக்கரையில், எந்த வயலில் வேலை செய்தனர் என்பதையும் குறித்துக் கொடுக்கவும்.

3. வீட்டையொட்டிய புதர்களை அகற்றுக. வரப்புகளைச் செதுக்கிச் சுத்தமாய் வைத்திடுக. சிப்காட் தொழிற்சாலைகளை அடுத்துப் புதர் மண்டிய காலி மனைகள் இருப்பின் அவற்றையும் அவ்வாறே சுத்தம் செய்வித்தல் நலம்.

4. வேலையாட்கள் உடல் மூடிய உடை அணிக. வெறும் புல்தரையில் படுத்தல், அதன்மேல் துணி உலர்த்தல் கூடாது. வீடு திரும்பியவுடன் சோப்பிட்டுக் குளித்து உடைகளைத் துவைத்திடுக.

5. மாட்டு உண்ணி கால்நடைகளுக்கு வேறு வியாதிகளைத் தருவதாகும். அதனையும் ஒழித்தே தீரவேண்டும். வெறுங்கையால் நசுக்கலாகாது.

பயிரில் பூச்சி கண்டால் பக்கத்து வயல்காரருக்கும் இலாகாவுக்கும் அன்றே தெரிவிக்கிறோம். கூலியாளின் வீட்டில் காணும் காய்ச்சலையும் அதே கவனத்துடன் தெரிவிப்பது நிலமுடையோரின் கடமையாகும்.