செயின், பெல்ட், ஷாஃப்ட்: க்ரூஸரின் பின்சக்கரத்தை எது சுழற்றுகிறது?

கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டுக்கு ஃபைனல் டிரைவ் என்று பெயர். செயின், பல் வைத்த பெல்ட், ஷாஃப்ட் என்று அது மூன்று வகைப்படும். வண்டி வாங்குபவர் இவற்றில் ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்க முடியாது. பிடித்த மாடலோடு அதுவும் சேர்ந்தே வரும். இருந்தாலும், வாங்கிய பிறகு எவ்வளவு செலவாகும், எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வண்டியின் அருகே குந்தி உட்கார வேண்டியிருக்கும் என்பதை எஞ்சினுக்கு அடுத்தபடியாக முடிவு செய்வது இதுதான்.

பந்தய வண்டிகளிலும் மண்பாதை வண்டிகளிலும் செயினுக்குப் போட்டியே இல்லை. க்ரூஸரில் மூன்றுக்கும் இடம் கிடைத்ததற்கு அதன் உடல்வாகு காரணம். இருக்கை தாழ்வு, பின் சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசையும் தூரம் குறைவு, குறைந்த சுற்றிலேயே எஞ்சின் முழு இழுவையையும் தந்துவிடும், வண்டியின் எடை பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அசைவு குறைவாக இருப்பதால் துளியும் நீண்டு கொடுக்காத பெல்ட்டைப் பூட்ட முடிகிறது. எடை பொருட்டல்ல என்பதால் ஷாஃப்ட்டைச் சுமக்க முடிகிறது.

இன்றைய செயினின் அடிப்படை அமைப்பு 1880-இல் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை பெற்ற உருளைச் செயினிலிருந்து வந்தது. பின் எனும் ஊசி, அதன் மேல் புஷ், அதன் மேல் சுழலும் உருளை என்ற அந்த அடுக்கு இன்றும் மாறவில்லை. சுத்தமாக, எண்ணெய்ப் பதத்தோடு இருக்கும் செயின், தன்னிடம் வரும் ஆற்றலில் 97, 98 சதவீதத்தைச் சக்கரத்துக்குக் கடத்திவிடும். இந்த விஷயத்தில் மற்ற இரண்டும் அதற்குப் பின்னால்தான் நிற்கின்றன. விலையும் எடையும் குறைவு. செயினை இழுக்கும் முன் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் நெடுஞ்சாலையில் எஞ்சின் சுற்று குறையும். ஒரு பல் குறைத்தால் மலையேற்றத்தில் இழுவை கூடும். இந்த மாற்றத்தைச் சில நூறு ரூபாய்ச் செலவில் செய்துகொள்ள செயினில் மட்டுமே வழியுண்டு.

இந்தியாவில் பெரும்பாலானோர் வாங்கும் விலையில் உள்ள க்ரூஸர்கள் செயினில் ஓடுவதில் வியப்பில்லை. பஜாஜ் அவெஞ்சர், ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் 350, சூப்பர் மீட்டியார் 650 எல்லாமே அப்படித்தான். பெல்ட்டுக்குப் பேர்போன ஹார்லி டேவிட்சன்கூட, ஹீரோ நிறுவனத்தோடு சேர்ந்து இங்கே கொண்டுவந்த எக்ஸ்440-இல் செயினைத்தான் பூட்டியது. உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. கோயம்புத்தூரின் எல்.ஜி.பி. நிறுவனம் தயாரிக்கும் ரோலான் செயினும், சென்னை முருகப்பா குழுமத்தின் டைமண்ட் செயினும் சிற்றூர்க் கடைகளிலும் தொங்குகின்றன.

செயின் கேட்கும் விலை உழைப்பு. ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விட வேண்டும். மழையில் ஓடினால் அதற்கு முன்பே. நாளடைவில் செயின் நீளுவது இரும்பு இழுபடுவதால் அல்ல. பின்னும் புஷ்ஷும் உராய்ந்து தேய, ஒவ்வொரு இணைப்பிலும் மயிரிழை அளவு இடைவெளி விழுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட இணைப்புகளின் இடைவெளிகள் ஒன்றுசேர்ந்து செயின் தொய்கிறது. ஓ-ரிங் வைத்த செயின்களில் உள்ளே அடைத்த கிரீஸ் வெளியேறாமல் ரப்பர் வளையங்கள் காப்பதால் இந்தத் தேய்மானம் மெதுவாகவே நடக்கும். அந்த வளையங்களைப் பெட்ரோல் ஊற்றியும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தும் கெடுப்பது பல ஒர்க்‌ஷாப்களில் அன்றாடம் நடக்கிறது. மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். தொய்வுக்குப் பயந்து செயினை அளவுக்கு மீறி இறுக்குவது அதைவிடக் கெடுதல். கியர்பாக்ஸ் பேரிங்கே அடிவாங்கும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். மாற்றும்போது இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயினை மாட்டினால் அதுவும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

பெல்ட் புதிய சரக்கு அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மோட்டார் சைக்கிள்கள் தோல் பெல்ட்டில்தான் ஓடின. மழை பெய்தால் வழுக்கியதால் செயினிடம் தோற்றன. உள்பக்கம் பல் வைத்து, நெருக்கமாக இழைகள் பதித்த பெல்ட் வந்த பிறகே அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. 1980-இல் வந்த ஹார்லியின் எஃப்.எக்ஸ்.பி. ஸ்டர்ஜிஸ் மாடலில் அது இடம்பிடித்தது. பின்னர் ஹார்லியின் பெரிய க்ரூஸர்கள் எல்லாவற்றுக்கும் பரவியது. இந்தியன் ஸ்கவுட், யமஹா போல்ட் ஆகியவையும் பெல்ட் வண்டிகளே.

பெல்ட்டுக்கு எண்ணெய் வேண்டாம். சத்தமில்லை, பின்சக்கரத்திலும் பேன்ட்டிலும் கறை தெறிக்காது. 80,000 கிலோமீட்டர் தாண்டி உழைப்பது சாதாரணம். இவ்வளவு நல்ல பொருளுக்கு ஒரே ஒரு எதிரி, சரளைக்கல். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே கூரான கல் ஒன்று சிக்கினால் உள்ளே இழைகள் அறுபடும். வெளியே பார்த்தால் சின்னத் துளைதான் தெரியும், பெல்ட் அறுவது பல நாள் கழித்து. செயினைப் போல ஓர் இணைப்பைக் கழற்றி வழியிலேயே புதியதைக் கோக்கவும் முடியாது. பெல்ட் முடிவில்லாத வளையம் என்பதால் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மைத் தளர்த்தியாக வேண்டும். ஹார்லியின் பெரிய எஞ்சின் வண்டிகளில் முன் புல்லி, கிளட்ச்சுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் அந்தப் பகுதி முழுவதையும் பிரிக்க வேண்டும்.

ஷாஃப்ட் என்பது பெரும்பாலும் மூடிய குழாய்க்குள் சுழலும் இரும்புத் தண்டு. சக்கரத்தின் நடுவில் பற்சக்கரங்கள் அதன் சுழற்சியைத் தொண்ணூறு பாகை திருப்பித் தருகின்றன. பி.எம்.டபிள்யூ 1923-இல் தன் முதல் மோட்டார் சைக்கிளான ஆர் 32-இலேயே இதை வைத்தது. 2020-இல் வந்த ஆர் 18 க்ரூஸரில் அதே தண்டு மூடியில்லாமல், பளபளவென்று கண்ணுக்குத் தெரியும்படி சுழல்கிறது. 2,458 சி.சி. ட்ரையம்ப் ராக்கெட் 3-இன் அசுர இழுவையைத் தாங்குவதும் ஷாஃப்ட்தான். குழாய்க்குள் மூடியிருக்கும் ஷாஃப்ட்டை மழை, சேறு, தூசி எதுவும் தொடாது. குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் ஆயிலை மாற்றினால் வேலை முடிந்தது.

ஆனால் கனம் அதிகம். அந்தக் கனமும் சஸ்பென்ஷனுக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து குதிப்பதால் மேடுபள்ளம் கூடுதலாக உறைக்கும். ஆற்றல் இழப்பும் செயினைவிடக் கூடுதல். எஞ்சினின் கிராங்க் வண்டியின் நீளவாக்கில் இருந்தால் சுழற்சி ஒருமுறை திரும்பினால் போதும். ஹோண்டா ஷேடோ போல் குறுக்காக இருந்தால் இருமுறை திரும்பி, இருமுறை இழக்கிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது வண்டியின் பின்பகுதி மேலே எழும்பும் பழைய குணத்தை 1987-இல் பி.எம்.டபிள்யூ கொண்டுவந்த பாராலீவர் அமைப்பு பெருமளவு அடக்கிவிட்டது. ஷாஃப்ட் பழுதாவது அபூர்வம். பழுதானால் தெருமுனை மெக்கானிக்கால் கை வைக்க முடியாது. ரசீதும் கனமாகவே வரும்.

ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் ஷாஃப்ட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை, செயினே போதும். நான்குவழிச் சாலையில் நெடுந்தூரம் போகிறவருக்குப் பெல்ட் சுகம். வீட்டுக்குப் போகும் கடைசிச் சில கிலோமீட்டர் ஜல்லி பெயர்ந்த பாதை என்றால் அந்தச் சுகம் கவலையாக மாறும். எந்த வானிலையிலும் மாதக்கணக்கில் சுற்றுகிறவருக்குத்தான் ஷாஃப்ட்டின் விலை நியாயமாகும்.

பழைய வண்டி வாங்கும்போது சோதனை வகைக்கு வகை மாறும். செயின் வண்டியில் பின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் ஒருபக்கமாக வளைந்து கூராகியிருந்தால், புது செட்டின் விலையைக் கேட்கும் தொகையில் கழித்துப் பேசலாம். பெல்ட்டைச் சக்கரத்தோடு ஒரு முழுச் சுற்று உருட்டி, இருபுறமும் வெடிப்போ துளையோ பிரிந்த இழையோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 2020-இல் ஹார்லி இந்திய உற்பத்தியை நிறுத்தியதற்கு முன்பு இங்கே தயாரான ஸ்ட்ரீட் 750 போன்ற வண்டியானால், அதற்கான பெல்ட் கையிருப்பில் இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுவது நல்லது. ஷாஃப்ட் வண்டியில் சக்கர நடுப்பகுதியைச் சுற்றி எண்ணெய்க் கசிவு, சக்கரத்தை இருபக்கமும் பிடித்து அசைத்தால் ஆட்டம், வடித்த ஆயிலில் இரும்புத் துகள் ஆகிய மூன்றில் ஒன்று தென்பட்டாலும் பற்சக்கரப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் விலை பேசக் கூடாது.