ரஷ்யாவில் போட்டியா? கார்டை மட்டும் நம்பி கிளம்பாதீங்க!

ரஷ்யாவுக்குப் போட்டிக்குப் போகும் வீரர்கள் முதலில் கவனிக்க வேண்டியது பர்ஸ். விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் 2022 மார்ச்சில் அங்கே சேவையை நிறுத்திவிட்டன. வெளிநாட்டில் வாங்கிய அந்த கார்டுகள் ஏடிஎம்மிலும் கடையிலும் வேலை செய்யாது. டாலரோ யூரோவோ கொண்டுபோய் வங்கியில் ரூபிளாக மாத்திக்கணும். கசங்கிய, கிழிந்த நோட்டு வேண்டாம்.

பாஸ்போர்ட் சோதனையில் தரும் குடியேற்ற அட்டை சின்ன சீட்டுதான். ஆனால் திரும்பும்போது கேட்பாங்க, பத்திரம்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் மருந்துக்கடையில் இருக்கு. இதய நோய்க்காக அங்கே விற்கப்படும் 'மில்ட்ரோனேட்' மருந்தில் இருப்பது மெல்டோனியம். 2016 ஜனவரி 1 முதல் இது தடை செய்யப்பட்ட ஊக்கமருந்து. டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவா 15 மாதத் தடைக்கு ஆளானது இதனால்தான். அசதி, சளி என்றாலும் அணி மருத்துவரைக் கேட்காமல் அங்கே எதையும் வாங்கிப் போடாதீங்க. வழக்கமான மாத்திரைகளை, மருத்துவர் சீட்டோடு ஊரிலிருந்தே எடுத்துட்டுப் போயிடுங்க.