சாம்பல் பாக்கெட் யாருக்குப் போதும்?

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு வகுத்த கெடு 2026 மார்ச். பால்வினைத் தொற்றுகளுக்கான இலவச சிகிச்சையும் அதற்குள்தான் அடக்கம். இந்த நேரத்தில் வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்: டெஸ்ட் எடுக்காமலே மாத்திரை பாக்கெட் கொடுத்து அனுப்புகிறார்களே, சரியா? ஆணுக்குப் பெரும்பாலும் சரி. பெண்ணுக்குத்தான் இடிக்கிறது.

கிருமியைத் தேடாமல், அறிகுறியை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பதுதான் ஏற்பாடு. ஏழு நிறத்தில் ஏழு பாக்கெட். ஆணுறுப்பில் சீழ் வடிந்தால் சாம்பல் நிறம்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம். முதலாவது கிளமிடியாவுக்கு, அடுத்தது கொனோரியாவுக்கு. எது வந்திருந்தாலும், இரண்டும் சேர்ந்தே வந்திருந்தாலும் ஒரே வேளையில் விழுங்கிவிட்டுப் போகலாம். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறவரை, ரிசல்ட் வாங்க அடுத்த வாரம் வரச் சொன்னால் வரமாட்டார். அதற்குள் தொற்றும் பரவிவிடும். கெட்டிக்கார யோசனைதான்.

பெண்ணுக்கு வெள்ளைப்படுதல் என்றால் பச்சை பாக்கெட்: செக்னிடசோல், ஃப்ளூகோனசோல். ஸ்பெகுலம் கருவியை வைத்து உள்ளே பார்க்க முடியாவிட்டால், கருப்பைவாய்த் தொற்றும் இருக்கலாம் என்று சாம்பலையும் சேர்த்தே கொடுப்பது வழக்கம். வெள்ளைப்படுதலுக்குப் பெரும்பாலும் காரணம் பூஞ்சை அல்லது பிறப்புறுப்பில் இயல்பாக உள்ள பாக்டீரியாக்களின் சமநிலை குலைவது. இதற்குக் கணவருக்கும் ஒரு பாக்கெட் போனால், வேண்டாத ஆன்டிபயாடிக்கோடு வேண்டாத சந்தேகமும் வீட்டுக்குள் நுழைகிறது. இன்னொரு பக்கம், கிளமிடியா உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. அவர்களுக்கு எந்த நிறமும் கிடையாது. கருக்குழாய் அடைத்து, குழந்தை தங்காதபோதுதான் சிலருக்கு விஷயம் தெரியவருகிறது. எனவே அரசுக் கணக்கில் ‘சிகிச்சை பெற்றவர்’ என்பதைப் பாக்கெட் வாங்கியவர் என்று மட்டும் படியுங்கள்.

பரிசோதனைக்குக் காசும் லேபும் எங்கே என்பார்கள். காசநோய்க்காக அரசு மருத்துவமனைகளில் வைத்திருக்கும் சிபிநாட் இயந்திரமே, உரிய கார்ட்ரிட்ஜைப் போட்டால், கொனோரியாவையும் கிளமிடியாவையும் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடும். காலையில் வந்தவர் சரியான மருந்தோடு மதியமே வீடு திரும்பலாம். அன்றே ரிசல்ட் கிடைக்கும் இடங்களில் இத்தகைய பரிசோதனையை நம்பச் சொல்லி 2021-ல் உலக சுகாதார நிறுவனமும் வழிகாட்டியது. கார்ட்ரிட்ஜ் மலிவில்லைதான். அதனால்தான் சீழ் வடியும் ஆணுக்குப் பாக்கெட்டை வைத்துக்கொண்டு, இருக்கும் பணத்தைப் பெண்களின் பரிசோதனைக்குத் திருப்ப வேண்டும்.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகளுக்கு: எங்கே போவது? அரசு மருத்துவமனைகளில் உள்ள சுகவாழ்வு மையம், இலவசம்.

புண் தானாக ஆறிவிட்டதே? சிபிலிஸ் புண் வலிக்காது, தானே ஆறும், நோய் உள்ளேயே இருக்கும். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், பென்சிலின் ஊசியில் குணமாகும்.

எச்.ஐ.வி. சோதனை? நம்பிக்கை மையத்தில், 2017 சட்டப்படி உங்கள் சம்மதம் கட்டாயம்.

போனில் கேட்க? 1097.

மருந்துக்கடையில் சொல்லி வாங்கலாமா? வேண்டாம், பாக்கெட்டில் உள்ள அதே ஊகம்தான், அதுவும் டாக்டர் பார்க்காமல்.