கோப்பையைத் தீர்மானித்த ஆட்டங்கள் – 4: இறுதிப்போட்டி இல்லாத உலகக் கோப்பை

சென்ற வாரம் 1938இல் நின்றோம். பாரிஸில் ஹங்கேரியை 4-2 என்று வென்று இத்தாலி கோப்பையோடு ஊர் திரும்பியது. அடுத்த ஆண்டே போர் மூண்டது. 1942, 1946 இரண்டு உலகக் கோப்பைகளும் நடக்கவேயில்லை. கோப்பையை இத்தாலியக் கால்பந்து நிர்வாகி ஒட்டோரினோ பராசி தன் கட்டிலுக்கு அடியில் மறைத்துவைத்துக் காப்பாற்றினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அது அட்லாண்டிக்கைக் கடந்து பிரேசிலுக்குப் போனது.

அந்த 1950 உலகக் கோப்பையில் இறுதிப்போட்டி என்று ஒன்று கிடையாது. நான்கு பிரிவுகளில் முதலிடம் பிடிக்கும் நான்கு அணிகளும் ஒன்றோடொன்று மோத வேண்டும், அதிகப் புள்ளி எடுப்பவருக்குக் கோப்பை என்று விதி வகுத்திருந்தார்கள். இதைக் கேட்டு வாங்கியது பிரேசில்தான். கட்டிய மைதானங்களின் செலவை டிக்கெட் விற்றுத்தான் மீட்க வேண்டும், அதற்கு ஆட்டங்களின் எண்ணிக்கை கூட வேண்டும். ஃபிஃபாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் போருக்குப் பிறகு நொறுங்கிக் கிடந்த ஐரோப்பாவில் போட்டியை நடத்த ஆளில்லாத நிலையில், பிரேசிலைப் பகைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

வருவதாக இருந்த பல அணிகள் வரவில்லை. அவற்றில் இந்தியாவும் ஒன்று. தகுதிச்சுற்றில் மோத வேண்டிய நாடுகளெல்லாம் விலகியதால் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே இந்தியாவுக்கு இடம் கிடைத்திருந்தது. வெறுங்காலோடு ஆடக் கூடாது என்றதால்தான் இந்தியா போகவில்லை என்ற கதை இன்றும் நம் ஊர் டீக்கடைகள் வரை சொல்லப்படுகிறது. ஆனால் அன்றைய கேப்டன் சைலேன் மன்னா பிற்காலத்தில் சொன்னது வேறு. சம்மேளனத்துக்கு ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது, உலகக் கோப்பையை அது ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. கடைசியில் களத்தில் இறங்கியவை 13 அணிகள். உருகுவே இருந்த பிரிவில் மொத்தமே இரண்டு அணிகள். பொலிவியாவை 8-0 என்று அடித்த ஒரே ஆட்டத்தோடு உருகுவே கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது.

கடைசிச் சுற்றில் பிரேசில் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு வேறு அணி கோப்பையைத் தொடும் என்ற எண்ணமே வந்திருக்காது. ஸ்வீடனுக்கு எதிராக 7-1. அதில் அடெமிர் மட்டும் நான்கு கோல். ஸ்பெயினுக்கு எதிராக 6-1. ரியோவின் மரக்கானா மைதானத்தில் கூடியிருந்த கூட்டம் ஸ்பெயினின் காளைச் சண்டையைக் கேலி செய்யும் கார்னிவல் பாட்டு ஒன்றைச் சேர்ந்து பாட, கைக்குட்டைகள் அலையலையாக ஆடின. ஜிஸின்யோ, அடெமிர், ஜைர் என்ற அந்த நடு மூவரைப் போல ஒரு முன்வரிசை அதுவரை உலகக் கோப்பைக்கு வந்ததில்லை என்றே சொல்லலாம்.

உருகுவேயோ ஸ்பெயினோடு 2-2 டிரா செய்தது, ஸ்வீடனை 3-2 என்று மூச்சுத் திணறி வென்றது. ஆக, ஜூலை 16 அன்று கடைசி ஆட்டம் தொடங்கும்போது பிரேசிலுக்கு 4 புள்ளி, உருகுவேக்கு 3. பிரேசிலுக்கு டிரா போதும். அட்டவணை தற்செயலாக அமைந்ததில், இறுதிப்போட்டி இல்லாத போட்டிக்கு ஓர் இறுதிப்போட்டி கிடைத்துவிட்டது.

எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஆட்டத்தை ஓர் அதிசயமாகவே சொல்லி வருகிறார்கள். இருபது லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள்தொகை கொண்ட குட்டி நாடு, ஐந்து கோடிப் பேரின் கனவை அவர்கள் வீட்டிலேயே உடைத்தது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதிசயம் என்று சொல்லிவிட்டால் உருகுவே ஆடிய ஆட்டம் மறைந்துபோகிறது. அது அநியாயம்.

கணக்கைப் பாருங்கள். அதே 1950 மே மாதத்தில், ரியோ பிராங்கோ கோப்பைக்காக இந்த இரு அணிகளும் பிரேசிலிலேயே மூன்று முறை மோதியிருந்தன. முதல் ஆட்டத்தில் உருகுவே 4-3 என்று வென்றது. அடுத்த இரண்டில் பிரேசில் 3-2, 1-0 என்று வென்றது. மூன்று ஆட்டத்திலும் ஒரே ஒரு கோல்தான் வித்தியாசம். ஸ்வீடனும் ஸ்பெயினும் பிரேசிலைக் கண்டு மிரண்டதற்கு நியாயம் உண்டு. உருகுவே வீரர்களுக்கு அந்த மிரட்சிக்கே காரணமில்லை. இரண்டு மாதம் முன்னால்தான் அவர்களோடு தோளுக்குத் தோள் மோதிவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

இன்னொன்று: கடைசிச் சுற்றில் ஸ்பெயினுக்கு எதிராகவும் ஸ்வீடனுக்கு எதிராகவும் இடைவேளையின்போது உருகுவே 1-2 என்று பின்தங்கியே இருந்தது. இரண்டு முறையும் இரண்டாம் பாதியில் எழுந்து வந்தது. பதினோரு பேரில் ஐந்து பேர் பெனரோல் என்ற ஒரே கிளப்பில் ஆடியவர்கள். கோல்கீப்பர் மாஸ்போலி, கேப்டன் ஒப்துலியோ வரேலா, முன்வரிசையில் கிக்கியா, மீகஸ், ஸ்கியாஃபினோ. ஒருவர் எங்கே ஓடுவார் என்று மற்றவருக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். வலது ஓர விங்கர் அல்சிடெஸ் கிக்கியாவுக்கு வயது 23. அந்த உலகக் கோப்பையில் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர் கோல் அடித்துக்கொண்டிருந்தார்.

ரியோவில் இதையெல்லாம் எண்ணிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அது தேர்தல் ஆண்டு. அணி தங்கியிருந்த இடத்துக்கு அரசியல்வாதிகள் வந்தபடி இருந்தார்கள். காலைப் பத்திரிகை ஒன்று பிரேசில் அணியின் படத்தைப் போட்டு இவர்களே உலகச் சாம்பியன்கள் என்று அச்சடித்துவிட்டது. ஆட்டம் தொடங்கும் முன்பே மேயர் மென்டிஸ் டி மொராயிஸ் ஒலிபெருக்கியில் வீரர்களை வெற்றியாளர்கள் என்று விளித்துப் பேசினார். டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் 1,73,850 பேர். உள்ளே இருந்தவர்கள் இரண்டு லட்சத்தை நெருங்கியிருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு.

வரேலாவுக்கு வயது 32. கூட்டத்துக்கோ முதலாளிக்கோ பணிந்து பழகாத மனிதர். அதற்கு ஓராண்டுக்கு முன்புதான் உருகுவே கால்பந்து வீரர்களின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியிருந்தார். அதிகக் கோல் வாங்காமல் தோற்றாலே மரியாதைதான் என்ற பேச்சு சொந்த நிர்வாகிகள் பக்கமிருந்தே வந்தது. பயிற்சியாளர் யுவான் லோபஸ் தற்காப்பு ஆட்டம் ஆடச் சொன்னார். அவர் அறையை விட்டுப் போனதும் வரேலா எழுந்து, யுவான் நல்ல மனிதர், ஆனால் இன்று அவர் சொல்வது தப்பு, தற்காத்து ஆடினால் ஸ்பெயினுக்கும் ஸ்வீடனுக்கும் நடந்ததுதான் நமக்கும் என்றாராம். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் வெறும் மரக்கட்டைகள், ஆட்டம் உள்ளே இருப்பவர்களுடையது என்று அவர் சொன்னது உருகுவேயில் பழமொழி போல வழங்குகிறது.

முதல் பாதியில் கோல் இல்லை. ஏழும் ஆறும் போட்ட முன்வரிசை அடித்ததையெல்லாம் மாஸ்போலி தடுத்துக்கொண்டிருந்தார்.

47ஆவது நிமிடத்தில் வலப்பக்கமிருந்து ஃபிரியாசா அடித்த பந்து உள்ளே போனது. பிரேசில் 1-0. மைதானத்தில் வெடிச்சத்தம், புகை, கூச்சல். வரேலா வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஓடவில்லை, நடந்தார். ஆஃப்சைடு என்று முறையிட ஆங்கிலேய நடுவர் ஜார்ஜ் ரீடரிடம் போனார். ரீடருக்கு ஸ்பானிஷ் தெரியாது. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்றார் வரேலா. கோல் செல்லும் என்பது அவருக்கும் தெரியும். அவர் வாங்கியது நேரத்தை. அந்தக் கணமே பந்தை நடுவில் வைத்திருந்தால் கூட்டத்தின் வேகத்திலேயே பிரேசில் இரண்டாவதும் மூன்றாவதும் போட்டிருக்கும் என்று பின்னாளில் அவரே விளக்கினார். நடந்து முடிவதற்குள் கொண்டாட்டச் சத்தம் வசைச் சத்தமாக மாறி, அதுவும் தணியத் தொடங்கியிருந்தது.

அதன் பிறகு உருகுவே செய்தது எளிய காரியம். பந்தை மறுபடி மறுபடி வலது ஓரத்துக்குக் கொடுத்தது. அங்கே கிக்கியாவை எதிர்கொண்டவர் பிகோடி. ஆள் முரட்டு ஆட்டக்காரர்தான், ஆனால் வேகத்தில் கிக்கியாவுக்கு ஈடில்லை. அவருக்குப் பின்னால் துணைக்கு வர வேண்டியவர் ஜுவெனால். 66ஆவது நிமிடத்தில் கிக்கியா பிகோடியைக் கடந்து கோல் கோடு வரை ஓடித் தாழ்வாகக் கிராஸ் கொடுத்தார். ஸ்கியாஃபினோ நின்ற இடத்திலிருந்தே அடித்தார். 1-1.

அப்போதும் கோப்பை பிரேசிலிடம்தான். இங்கேதான் பயிற்சியாளர் ஃபிளாவியோ கோஸ்டாவின் மீது கேள்வி எழுகிறது. ஓட்டை எந்தப் பக்கம் என்று மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிகோடிக்குத் துணையாக இன்னொருவரைப் பின்னால் இழுத்து நிறுத்தியிருக்கலாம். அன்று ஆள் மாற்றம் கிடையாது, இடம் மாற்ற யாரும் தடுக்கவில்லை. செய்யவில்லை.

79ஆவது நிமிடம். யூலியோ பெரஸ் பந்தைத் தர, அதே ஓரத்தில் கிக்கியா மறுபடி பிகோடியைத் தாண்டி ஓடினார். ஜுவெனால் வந்து சேரவில்லை. கோலின் முன்னால் மோவாசிர் பார்போசா. பதின்மூன்று நிமிடம் முன்னால் இதே இடத்திலிருந்துதான் கிராஸ் வந்தது. இப்போதும் கோல் முன்னே மீகஸும் ஸ்கியாஃபினோவும் வந்துகொண்டிருக்கிறார்கள். பார்போசா கிராஸை எதிர்பார்த்து ஓர் அடி வெளியே நகர்ந்தார். எந்த நல்ல கோல்கீப்பரும் அதைத்தான் செய்வார். கிக்கியா தலையைத் தூக்கி அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டார். கம்பத்துக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே பந்து தரையோடு போனது. பார்போசா இடப்பக்கம் விழுந்து கை நீட்டினார். விரலில் பட்டதுபோல் இருந்தது, வெளியே தள்ளிவிட்டேன் என்றே நினைத்தேன், மைதானம் அமைதியானதும் திரும்பிப் பார்த்தால் பந்து உள்ளே கிடந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

1-2. மிச்சமிருந்த பதினோரு நிமிடத்தில் மாறியது எதுவுமில்லை.

ஃபிஃபா தலைவர் ஜூல்ஸ் ரிமே ஆட்டம் 1-1 என்றிருந்தபோது இருக்கையிலிருந்து எழுந்து, பரிசளிப்புக்காகக் கீழே இறங்கியிருந்தார். சட்டைப் பையில் பிரேசிலை வாழ்த்திப் போர்த்துகீசிய மொழியில் எழுதிய உரை. மேலே வந்தபோது அணிவகுப்பு இல்லை, கீதம் இல்லை, மேடையும் இல்லை. நெரிசலுக்கு நடுவே கையில் கோப்பையோடு அலைந்து, வரேலாவைக் கண்டுபிடித்து, ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிரவு வரேலா விடுதியில் தங்காமல் ரியோவின் மதுக்கடைகளுக்குப் போனார். தான் அழவைத்தவர்களோடு உட்கார்ந்து குடித்தார். அடையாளம் கண்டுகொண்டவர்கள் அவரை அடிக்கவில்லை, கட்டிப்பிடித்து அழுதார்கள்.

பார்போசாவுக்கு அந்த இரக்கம் கிடைக்கவில்லை. முந்தைய ஆண்டு தென் அமெரிக்கச் சாம்பியன் பட்டம் வென்ற அணியின் கோல்கீப்பர் அவர். வாஸ்கோ டி காமா கிளப்போடு பட்டங்களைக் குவித்தவர். 1950 போட்டியின் மிகச் சிறந்த கோல்கீப்பர் அவரே என்று எழுதியவர்களும் உண்டு. ஒரே கோல் எல்லாவற்றையும் அழித்துவிட்டது. பழி விழுந்த மூவர் பார்போசா, பிகோடி, ஜுவெனால். மூவருமே கறுப்பின வீரர்கள். அணியை நிறுத்திய விதத்தையோ, ஆட்டத்துக்கு முன்பே கொண்டாடிய தலைவர்களையோ, 90 நிமிடத்தில் ஒரே கோல் போட்ட முன்வரிசையையோ அந்த அளவுக்கு யாரும் கேட்கவில்லை. கறுப்பினத்தவரைக் கோல்கீப்பராகப் போடக் கூடாது என்ற பேச்சு பிரேசிலில் பல பத்தாண்டுகள் ஓடியது. 2006 உலகக் கோப்பையில் கறுப்பினத்தவரான டிடா முதன்மைக் கோல்கீப்பராக நின்றபோதும் பத்திரிகைகள் பார்போசாவின் பெயரை எழுதின.

1993இல், அடுத்த உலகக் கோப்பைக்குத் தயாராகிக்கொண்டிருந்த தேசிய அணியைப் பார்க்கப் பயிற்சி முகாமுக்குப் போனார் பார்போசா. துரதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்ளும் என்று உள்ளே விடவில்லை. அவருக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. பிரேசில் சட்டத்தில் எந்தக் குற்றத்துக்கும் முப்பது ஆண்டுக்கு மேல் தண்டனை இல்லை, நான் செய்யாத குற்றத்துக்கு ஐம்பது ஆண்டாக அனுபவிக்கிறேன் என்ற அவருடைய வேதனை அவர் இறந்த 2000ஆம் ஆண்டு வரை மாறவேயில்லை. ஒரு நாடு தன் விளையாட்டு வீரனுக்குச் செய்த கொடுமைகளில் இதைவிடப் பெரியது இந்தத் தொடரில் வரப்போவதில்லை.

தோல்வியின் பழி உடையின் மீதும் விழுந்தது. பிரேசில் அன்று அணிந்தது வெள்ளைச் சட்டை. நாட்டின் நிறம் அதில் இல்லை என்று சொல்லி, 1953இல் ஒரு பத்திரிகை புதிய உடைக்குப் போட்டி வைத்தது. கொடியில் உள்ள நான்கு நிறங்களும் வர வேண்டும் என்பது நிபந்தனை. மஞ்சள் சட்டை, பச்சைக் கரை, நீலக் கால்சட்டை, வெள்ளைக் காலுறை என்று வரைந்து வென்றவர் அல்டிர் கார்சியா ஷ்லீ என்ற இளைஞர். உருகுவே எல்லையை ஒட்டிய ஜாகுவாரோ ஊர்க்காரர். மனதளவில் அவர் உருகுவே ரசிகர்!

அந்த மஞ்சள் சட்டையோடு பிரேசில் 1954இல் ஸ்விட்சர்லாந்துக்குப் போனது. காலிறுதியில் ஹங்கேரியிடம் 4-2 என்று தோற்றது. அரையிறுதியில் உருகுவே அதே ஹங்கேரியைச் சந்தித்தது. காயம்பட்ட வரேலா அதில் ஆடவில்லை. கூடுதல் நேரம் வரை போராடி உருகுவேயும் 4-2 என்றே வீழ்ந்தது. உலகக் கோப்பையில் அந்த நாடு கண்ட முதல் தோல்வி அது. இருவரையும் வீழ்த்திய ஹங்கேரி, லீக் சுற்றில் 8-3 என்று தான் அடித்து விரட்டிய மேற்கு ஜெர்மனியையே பெர்ன் நகரில் ஜூலை 4 அன்று, மழையில், இறுதிப்போட்டியில் மறுபடி சந்தித்தது. அது அடுத்த வாரம்.

(தொடரும்)