ஆட்டோமேட்டிக் லாரி கியர்பாக்ஸ்: ஆயுளைத் தீர்மானிப்பது எது?

கனரக லாரிகளில் ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வகைக் கியர்பாக்ஸ்கள் ஓடுகின்றன. முதலாவது, டார்க் கன்வர்ட்டரும் கோள்பற்சக்கரத் தொகுதிகளும் கொண்ட முழு ஆட்டோமேட்டிக். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஆலிசன் நிறுவனம் இதில் முன்னோடி. சென்னையை அடுத்த ஒரகடத்திலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு. குப்பை லாரி, தீயணைப்பு வண்டி, பள்ளிப் பேருந்து, சுரங்க டிப்பர் என்று அடிக்கடி நின்று கிளம்பும் வண்டிகள் இந்த வகையைத்தான் நாடுகின்றன. இரண்டாவது, ஏஎம்டி (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்). உள்ளே இருப்பது பழகிய மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை விடுவிப்பதையும் கியரை நகர்த்துவதையும் மட்டும் டிரைவரின் காலும் கையும் செய்யாமல் காற்றழுத்த சிலிண்டர்களும் கணினியும் செய்கின்றன. சுவீடனில் வோல்வோ 2001-ல் கொண்டுவந்த ஐ-ஷிஃப்ட், ஜெர்மனியின் இசட்எஃப் தயாரிக்கும் டிராக்ஸான், அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் ஈட்டன் கம்மின்ஸ் எண்டியூரன்ட் ஆகியவை இந்த வகை. இரண்டும் தேயும் விதம் வேறு, கேட்கும் பராமரிப்பும் வேறு. ஒன்றுக்குரிய வழக்கத்தை மற்றொன்றுக்குப் பொருத்திப் பார்ப்பதால்தான் பல கியர்பாக்ஸ்கள் காலத்துக்கு முன்பே பழுதுபார்க்கும் மேசைக்கு வருகின்றன.

முழு ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே நிற்பது டார்க் கன்வர்ட்டர். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இம்பெல்லர் ஆயிலை வீசுகிறது. அந்த வீச்சில் எதிரே உள்ள டர்பைன் சுழல்கிறது. இடையில் இருக்கும் ஸ்டேட்டர், திரும்பி வரும் ஆயிலின் திசையை மாற்றிவிடுவதால், வண்டி நகரத் தொடங்கும் நேரத்தில் முறுக்குவிசை ஏறக்குறைய இருமடங்காகப் பெருகுகிறது. முழுப் பாரத்துடன் மேட்டில் நிற்கும் லாரி குலுங்காமல் கிளம்புவது இதனால்தான். இதற்குக் கொடுக்கும் விலை வெப்பம். இம்பெல்லரும் டர்பைனும் ஒரே வேகத்தில் சுழலாத ஒவ்வொரு நொடியும், அந்த வேக வித்தியாசம் ஆயிலைச் சூடாக்குகிறது. வேகம் பிடித்தபின் லாக்கப் கிளட்ச் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். வழுக்கலும் நிற்கும், வெப்பமும் குறையும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக லாக்கப்பில் ஓடும் லாரிக்கும், வீட்டுக்கு வீடு நின்று குப்பை அள்ளும் லாரிக்கும் ஓடோமீட்டர் ஒரே கிலோமீட்டரைக் காட்டலாம். ஆயில் மூப்படைந்த அளவு ஒன்றாக இருக்காது. எனவே நகரப் பணி வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கைவிட எஞ்சின் ஓடிய மணிக்கணக்கே நம்பத்தக்கது.

கன்வர்ட்டருக்குப் பின்னே கிளட்ச் அடுக்குகள் இருக்கின்றன. எஃகுத் தட்டும், காகிதநார் போன்ற உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டு, ஆயிலில் நனைந்தபடியே வேலை செய்கின்றன. ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்குப் போகும்போது ஒரு அடுக்கு விடும், இன்னொன்று பிடிக்கும். இந்த மாற்றம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிய வேண்டும். அந்தச் சிறு இடைவெளியில் உராய்வு எவ்வளவு, எப்படி ஏறுகிறது என்பதை ஆயிலில் கலந்துள்ள வேதிப்பொருள்கள் நிர்ணயிக்கின்றன. ஆகவே இந்தக் கியர்பாக்ஸில் ஆயில் என்பது வெறும் மசகு இல்லை. சக்தியைக் கடத்துவது, வால்வுகளை நகர்த்தும் அழுத்தத்தைத் தருவது, வெப்பத்தைக் கூலருக்குக் கொண்டு போவது, உராய்வை ஒழுங்குபடுத்துவது எல்லாம் அதுவே. எஃகுப் பற்சக்கரங்கள் உடைந்து வரும் கியர்பாக்ஸ் அரிது. முதலில் சாவது ஆயில். அதைத் தொடர்ந்து உராய்வுத் தட்டு, ரப்பர் சீல், சோலினாய்டு வால்வு ஆகியவை கெடுகின்றன.

ஆயிலைக் கொல்வதில் வெப்பத்துக்கு நிகர் வேறில்லை. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் ஆயில் ஆக்சிஜனேற்றம் அடையும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் 90 டிகிரியில் பல ஆண்டுகள் தாங்கக்கூடிய ஆயில், 120 டிகிரியில் தொடர்ந்து ஓடினால் அந்தக் காலத்தில் எட்டில் ஒரு பங்குகூடத் தாங்குவது கடினம். மூப்படைந்த ஆயில் அரக்குப் போன்ற படிவை வால்வுகளில் விடுகிறது, ரப்பர் சீல்கள் இறுகி விரிசல் விடுகின்றன, அழுத்தம் கசிகிறது, கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்குகிறது, வழுக்கல் மேலும் வெப்பத்தைத் தருகிறது. கியர்பாக்ஸிலேயே ஹைட்ராலிக் ரிடார்டர் பொருத்திய வண்டிகளில் இந்தச் சுமை இன்னும் கூடுதல். மலை இறக்கத்தில் பிரேக்குக்குப் பதில் ரிடார்டர் வண்டியின் வேகத்தை அடக்கும்போது, அது உள்வாங்கும் ஆற்றல் அத்தனையும் கியர்பாக்ஸ் ஆயிலில்தான் வெப்பமாக இறங்குகிறது. ரிடார்டர் உள்ள வண்டியில் தூசி அடைத்த ரேடியேட்டரையும் கூலரையும் கவனிக்காமல் விடுவது கியர்பாக்ஸுக்குச் செய்யும் பெரிய துரோகம்.

வெப்பத்துக்கு அடுத்த பகை தண்ணீர். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் பிக்கப் டிரக்குகளில் பொருத்திய எட்டு வேக ஆட்டோமேட்டிக்குகள் இதற்கு நல்ல பாடம். நடுத்தர வேகத்தில், லாக்கப் கிளட்ச் மெல்லப் பிடிக்கும் நேரத்தில், சாலையில் நெளிவரிகள் மேல் ஓடுவது போன்ற அதிர்வு வந்தது. முதலில் ஊற்றிய ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தன் உராய்வுக் குணத்தை இழந்ததே காரணம் என்று தெரிந்தது. பழைய ஆயிலை முழுதாகக் கழுவி நீக்கிவிட்டு வேறு கலவை ஆயிலை நிரப்பும்படி நிறுவனம் சேவை மையங்களுக்கு அறிவுறுத்தியது. பல வண்டிகளில் கியர்பாக்ஸைத் திறக்காமலேயே அதிர்வு நின்றது. ஒரு கியர்பாக்ஸ் நலமா, நோயா என்பதை ஆயிலின் சேர்மானம் ஒன்றே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் ஆயிலோடு கலந்தால் நிலைமை இன்னும் மோசம். கூலன்டில் உள்ள கிளைகால், உராய்வுப் பொருளைத் தட்டோடு பிடித்து வைத்திருக்கும் பசையையே கெடுத்துவிடும். ஆயில் பால் கலந்த நிறத்தில் தெரிந்தபின் ஆயிலை மட்டும் மாற்றித் தப்ப முடியாது. கியர்பாக்ஸைப் பிரித்து உராய்வுத் தட்டுகளை மாற்றியாக வேண்டும்.

அளவு பார்ப்பது எளிய வேலைபோலத் தோன்றும். பிழை அதிகம் நடப்பதும் அங்கேதான். ஆயில் சூடாகும்போது விரிவதால், குளிர்ந்த நிலையில் பார்த்த அளவை இறுதியாகக் கொள்ளக் கூடாது. ஆலிசன் கியர்பாக்ஸ்களில் சூடான நிலை அளவு என்பது சம்ப் ஆயில் 71 முதல் 93 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது பார்ப்பது. ஆயில் அளவு சென்சார் உள்ளவற்றில் கியர் தேர்வுப் பலகையிலேயே அளவைக் கேட்கலாம். வண்டி நின்றிருக்க வேண்டும், நியூட்ரலில் இருக்க வேண்டும், எஞ்சின் ஐடிலில் ஓட வேண்டும், ஆயில் உரிய சூட்டில் இருக்க வேண்டும். திரையில் 8-லிருந்து 1 வரை எண் இறங்கி வரும் அந்த இரண்டு நிமிடம், ஆயில் வழிந்து சம்ப்பில் அமைதியாவதற்கான நேரம். அதன்பின் அளவு சரியா, எத்தனை குவார்ட் குறைவு அல்லது கூடுதல் என்று திரை சொல்லும். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், கிளட்ச் வழுக்கும். கூடினாலும் கேடு: சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரை அழுத்தத்தைத் தாங்காது, சூடும் ஏறும், மூச்சுத்துளை வழியே ஆயில் வெளியேறவும் செய்யும். கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டுமே என்று ஊற்றும் பழக்கத்துக்கு இந்தக் கியர்பாக்ஸில் இடமில்லை.

எந்த ஆயில் என்ற கேள்விக்கு விடை டப்பாவின் பிராண்டில் இல்லை, அதன் தர எண்ணில் இருக்கிறது. ஆலிசன் தன் கனரக வகைகளுக்கு டிஇஎஸ் 295 என்ற தரத்தையும், அதற்குப் பின் டிஇஎஸ் 668 என்ற தரத்தையும் வகுத்தது. இந்தச் செயற்கை ஆயில்கள் பழைய கனிம ஆயிலைவிடப் பலமடங்கு காலம் நிற்கின்றன. புதிய ஆலிசன் வகைகளில் உள்ள முன்கணிப்பு வசதி ஆயிலின் மீதி ஆயுள், ஃபில்டரின் மீதி ஆயுள், கிளட்ச்சுகளின் தேய்மானம் ஆகிய மூன்றையும் கணக்கிட்டு, நேரம் வந்ததும் ஸ்பேனர் சின்னத்தைக் காட்டுகிறது. கணக்கு சரியாக வர இரண்டு நிபந்தனைகள் உண்டு. வகுக்கப்பட்ட தரத்தில் உள்ள ஆயிலே ஊற்றப்பட வேண்டும். மாற்றியபின் எண்ணியை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். மலிவான ஆயிலை ஊற்றிவிட்டு ஸ்பேனர் சின்னத்துக்காகக் காத்திருப்பவர், தவறான கணக்குக்கு விடை தேடுகிறார்.

கிளட்ச் தேய்மானத்தைக் கணினி அறிவது எப்படி என்பது இந்தப் பொறியியலின் அழகான பகுதி. தட்டுகள் தேயத் தேய, பிஸ்டன் கூடுதல் தூரம் நகர வேண்டியிருக்கிறது. அதை நிரப்ப வேண்டிய ஆயிலும் கூடுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளே வரும் சுழல்வேகத்தையும் வெளியே போகும் சுழல்வேகத்தையும் ஒப்பிட்டு, கணினி அடுத்த முறைக்கான அழுத்தத்தைச் சற்றே திருத்திக்கொள்கிறது. இதனால் பாதி தேய்ந்த கியர்பாக்ஸும் புதிதைப் போல மாறும். வசதிதான், ஆனால் நோய் வெளியே தெரியாமல் மறைந்தும் போகிறது. திருத்தம் எல்லையைத் தொட்டபின்தான் கியர் மாறும்போது டிரைவர் உதைப்பை உணர்வார். சோதனைக் கருவியைச் செருகித் திருத்த மதிப்புகளைப் படித்துப் பதிவு செய்யும் ஒர்க்‌ஷாப்புக்குப் பல மாதங்கள் முன்பே செய்தி கிடைத்துவிடும். ஓவர்ஹாலுக்குப் பின் பழைய திருத்தங்களை அழித்து, கியர்பாக்ஸைப் புதிதாகக் கற்கவிட வேண்டும்; இல்லையேல் புதிய தட்டுகளின் மேல் பழைய தேய்மானத்துக்கான அழுத்தம் விழும்.

பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஆட்டோமேட்டிக்கில் ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்ற அச்சம் உலகெங்கும் இருக்கிறது. அதில் பாதி உண்மை. அநேகமாக ஆயிலை மாற்ற நினைப்பதே வழுக்கல் தொடங்கியபின். அப்போது தட்டு ஏற்கெனவே தேய்ந்திருக்கும், புதிய ஆயில் மீது பழி விழும். அதோடு, நாட்பட்ட படிவுகளைப் புதிய ஆயில் கிளப்பிவிட்டு வால்வுகளில் சிக்கவைப்பதும் நடக்கக்கூடியதே. சம்ப்பை வடித்தாலும் கன்வர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் கணிசமான ஆயில் தங்கிவிடும். எனவே பராமரிப்பு வரலாறு தெரியாத கியர்பாக்ஸுக்கு, அழுத்த இயந்திரத்தால் ஒரேயடியாகக் கழுவுவதைவிட, வடித்து நிரப்பி ஃபில்டரை மாற்றி, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியபின் மீண்டும் அதையே செய்வது பாதுகாப்பான வழி. தொடக்கம் முதல் காலம் தவறாமல் மாற்றி வந்த கியர்பாக்ஸுக்கு இந்தத் தயக்கம் எதுவும் தேவையில்லை. ‘வாழ்நாள் முழுவதும் ஆயில் மாற்ற வேண்டாம்’ என்ற விளம்பரச் சொல்லில் வரும் வாழ்நாள், முதல் உரிமையாளரின் வாரண்டிக் காலத்தைத் தாண்டுவதில்லை.

ஏஎம்டியின் கதை வேறு. ஐ-ஷிஃப்டில் மூன்று அடிப்படைக் கியர்களை ஸ்பிளிட்டரும் ரேஞ்சும் இரண்டிரண்டாகப் பெருக்குவதால் 12 வேகங்கள் கிடைக்கின்றன. அடிப்படைக் கியர்களுக்கு சிங்க்ரோனைசர் கிடையாது. எஞ்சின் வேகத்தைக் கணினியே ஏற்றி இறக்கிப் பற்களைப் பொருத்துகிறது. மனிதக் கை செய்யும் அவசரம் இதில் இல்லாததால் பற்கள் நீண்ட காலம் நிற்கின்றன. டார்க் கன்வர்ட்டர் இல்லாததால் ஆயிலும் அவ்வளவு சூடேறாது. எண்டியூரன்ட் வகைக்கு நெடுந்தூரப் பணியில் 7,50,000 மைல், அதாவது சுமார் 12 லட்சம் கிலோமீட்டர் வரை ஆயில் மாற்ற வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் அறிவித்தது இந்தக் குளிர்ச்சியால் சாத்தியமானதே. டிப்பருக்கும் நகரப் பணிக்கும் அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏஎம்டியில் தேய்வது உலர் கிளட்ச். மேட்டில் பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிப்பது, நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்வது, பாரத்துடன் உயர்ந்த கியரில் கிளம்புவது ஆகிய மூன்றும் கிளட்சைப் பொசுக்கும். முன்னே இடம் விழும்வரை நின்றுவிட்டு, இடம் கிடைத்ததும் கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் அளவு நகர்வது ஏஎம்டி டிரைவருக்குக் கற்பிக்க வேண்டிய முதல் பாடம். ரிலீஸ் பேரிங்கும் கிளட்சும் நலமாக இருந்தால் உள்ளே உள்ள கியர்கள் பெரும்பாலும் எஞ்சினோடு சேர்ந்தே முதுமை அடையும்.

இந்த வகையில் கியர்பாக்ஸ் கெட்டதாகச் சொல்லப்படும் புகார்களில் கணிசமானவை கியர்பாக்ஸுக்கு வெளியே பிறப்பவை. கம்ப்ரசர் தரும் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்திருந்தால் சோலினாய்டுகளும் சிலிண்டர்களும் துருவேறி ஒட்டிக்கொள்ளும். ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜ் சிறிய செலவு. அதை மாற்றாமல் விட்டால் கியர் மாற்றும் தொகுதி முழுவதும் பலியாகும். ஏர் டேங்கைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது எந்த டிரைவராலும் முடியும். பேட்டரி பலவீனமாகி எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் வோல்டேஜ் சரிந்தாலும், எர்த் இணைப்பு துருப்பிடித்தாலும், கணினி குழம்பிக் கியரை எடுக்க மறுக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் மீட்டரை எடுத்து பேட்டரியையும் எர்த்தையும் சோதிப்பது இதனால்தான். சேசிஸில் வெல்டிங் செய்யும்போது கணினி இணைப்புகளைக் கழற்றிவிடுவதும், உயரழுத்தத் தண்ணீரைக் கனெக்டர்களின் மேல் நேராகப் பாய்ச்சாமல் இருப்பதும் இரண்டு வகைகளுக்கும் பொருந்தும்.

வழியில் நின்றுபோன வண்டியைக் கட்டி இழுப்பதிலும் கவனம் வேண்டும். முழு ஆட்டோமேட்டிக்கில் ஆயில் பம்பைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றிருக்க, சக்கரங்கள் தரையில் உருண்டால் பின்பக்க ஷாஃப்ட் சுழலும், பம்ப் சுழலாது. மசகு இல்லாமல் உலோகம் உலோகத்தோடு உரசும். அதனால் இழுக்கும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், அல்லது ஓட்டும் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். பல ஆண்டுப் பராமரிப்பை ஒரே மணி நேர இழுவை வீணாக்கிய நேர்வுகள் உண்டு.

வண்டிகள் பல வைத்திருப்போருக்கு ஆயில் ஆய்வு மிகவும் பயன்தரும். சிறிய குப்பியில் எடுத்த மாதிரியில் இரும்பு கூடினால் பற்சக்கரமோ எஃகுத் தட்டோ தேய்கிறது. செம்பு கூடினால் புஷ்ஷும் வாஷரும். சிலிக்கான் கூடினால் மூச்சுத்துளை வழியே தூசி நுழைகிறது. சோடியமோ பொட்டாசியமோ கூடினால் கூலன்ட் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். ஒரே ஒரு ஆய்வின் எண்ணைவிட, அடுத்தடுத்த ஆய்வுகளில் அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதே முக்கியம். பழைய ஆட்டோமேட்டிக் லாரியை வாங்குவோர் இந்த ஆய்வுத் தாளையும், கணினியில் உள்ள திருத்த மதிப்புகளையும், பதிவான பிழைக் குறியீடுகளையும், எஞ்சின் ஓடிய மொத்த மணிநேரத்தையும் கேட்டு வாங்கிய பின்பே விலை பேச வேண்டும்.