கார் இன்ஜின் ‘மிஸ்ஸிங்’ ஆகிறதா? பார்ட்ஸை மாற்றும் முன் இடம் மாற்றிப் பாருங்கள்!

சிக்னலில் நிற்கும்போது கார் குலுங்குகிறது. மேம்பாலம் ஏறும்போது பிக்கப் இல்லாமல் வெட்டி வெட்டி ஓடுகிறது. மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்வது இதைத்தான். ப்ளக் மாற்றி, இன்ஜெக்டரை க்ளீன் செய்த பிறகும் சில கார்களில் இந்தப் பிரச்னை திரும்பத் திரும்ப வரும். பில்தான் ஏறிக்கொண்டே போகும்.

பெட்ரோல் இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று விஷயங்கள் தேவை: ஸ்பார்க், சரியான அளவில் பெட்ரோல் - காற்று, போதுமான கம்ப்ரஷன். இதில் எது தவறுகிறது என்று தெரியாமல் பார்ட்ஸை மாற்றுவது வீண் செலவு.

எரர் கோட் என்ன சொல்கிறது?

முதலில் ஸ்கேனரை மாட்டி எரர் கோட் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் காரில் பி0301 முதல் பி0304 வரை ஏதாவது வந்தால், கடைசி எண்தான் பிரச்னையுள்ள சிலிண்டர். பி0300 என்றால், ஒரே சிலிண்டரில் இல்லாமல் மாறி மாறி மிஸ்ஸிங் ஆகிறது என்று அர்த்தம். அப்போது காற்றுக் கசிவு, ஃப்யூயல் பம்ப் பிரஷர், தண்ணீர் கலந்த பெட்ரோல் என எல்லா சிலிண்டர்களுக்கும் பொதுவானவற்றைப் பார்க்க வேண்டும்.

செலவில்லாத டெஸ்ட்

பி0302 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள கார் என்றால், இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் இக்னிஷன் காயில்களை இடம் மாற்ற வேண்டும். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தால், பி0303 வருகிறதா? காயில்தான் குற்றவாளி. மறுபடியும் பி0302-தான் என்றால் அடுத்து ப்ளக், அதன்பின் இன்ஜெக்டர் என்று இதேபோல மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் மாறவில்லையா? எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

ப்ளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால், வால்வு கவர் கேஸ்கெட் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் புது காயில் போட்டால், அதுவும் சீக்கிரமே போய்விடும்.

விளக்கு விட்டு விட்டு எரிந்தால்..?

செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், ‘வீடு வரை ஓட்டிவிடலாம்’ என்று நினைக்காதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் உட்பகுதியையே உருக்கிவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் கொண்ட பார்ட் அது. ஒரு காயிலைவிடப் பல மடங்கு செலவு வைக்கும். பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டி, டோ செய்வதே நல்லது.

வொர்க்‌ஷாப்பில் ‘இந்த பார்ட் மாற்றணும்’ என்று சொன்னால், சம்மதிக்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: என்ன கோட் வந்தது? இந்த பார்ட்தான் என்று எப்படி உறுதி செய்தீர்கள்?